அண்ணாந்து குடிக்கத் தெரியாத அந்நியர்கள்!

நம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளை நம்முடைய சாப்பாட்டில் மிகவும் திணற வைப்பது எது? காரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவது வாயிலேயே கண் கலங்கி, மூக்கு சிவந்து, தண்ணீருக்குப் பறக்கும் வெள்ளைக்காரரை எத்தனையோ சினிமாக்களில் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ஆனால் பழைய காலத்துப் பயணிகள் எழுதி வைத்துப் போன குறிப்புகளைப் புரட்டினால் காரத்தைப் பற்றிய புலம்பல் அவ்வளவாக இல்லை. அவர்கள் தடுமாறியது அந்தத் தண்ணீரில்தான்!

லின்ஷோட்டன் என்ற டச்சுக்காரர் 1583-ல் கோவாவுக்கு வந்து, அங்கிருந்த பேராயரிடம் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்தார். ஊர் திரும்பியபின் 1596-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். கோவாவில் குடியேறியிருந்த போர்ச்சுக்கீசியர்கள் நம்மவர்களைப் பார்த்து, மண் கூஜாவை உதட்டில் வைக்காமல், உயரத் தூக்கிப் பிடித்து வாய்க்குள் ஊற்றிக் குடிக்கப் பழகியிருந்தார்களாம். கப்பலில் புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு இது வராது. தண்ணீர் வாய்க்குள் போவதற்குப் பதிலாக மார்பில் கொட்டும். உடனே பழையவர்கள் சூழ்ந்து நின்று கைகொட்டிச் சிரிப்பார்கள். 'ரெய்னோல்' என்று பெயர் வைத்துக் கேலி செய்வார்கள். தாய்நாட்டிலிருந்து இப்போதுதான் வந்த புது ஆள் என்று அர்த்தம்.

நம் பாட்டிமார்கள் "சீப்பிக் குடிக்காதே, தூக்கிக் குடி" என்று சொல்லிச் சொல்லிக் கற்றுத் தந்த வித்தைதான் இது. புரையேறி, தலையில் தட்டு வாங்கி, சட்டை நனைந்துதான் நாமும் இதைக் கற்றுக்கொண்டோம். அந்த வகையில் நாம் எல்லோருமே சிறு வயதில் ரெய்னோல்கள்தான்!

பாண்டிய நாட்டில் போலோ

லின்ஷோட்டனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 13-ம் நூற்றாண்டின் கடைசியில், இத்தாலியின் வெனிஸ் நகரத்துக்காரரான மார்க்கோ போலோ நம் சோழ மண்டலக் கரைக்கு வந்தார். அப்போது நடந்தது பாண்டியர் ஆட்சி. அவர் கவனித்தவற்றில் இரண்டு, சாப்பாட்டு விஷயங்கள். ஒன்று, இங்கே எல்லோரும் வலது கையால் மட்டுமே உண்கிறார்கள். இடது கை உணவைத் தொடுவதே இல்லை. வலது கைக்கு நம் மொழியில் 'சோற்றுக்கை' என்றே பெயர் இருப்பதை யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அதையும் எழுதியிருப்பார்!

மற்றொன்று தண்ணீர். ஒவ்வொருவரும் அவரவர் பாத்திரத்தில்தான் குடிப்பார்கள். அதையும் வாயில் வைக்க மாட்டார்கள். அந்நியன் ஒருவன் வந்து தண்ணீர் கேட்டால், அவனிடம் சொந்தப் பாத்திரம் இல்லையானால், அவன் இரண்டு கைகளையும் குவித்து ஏந்த வேண்டும், மேலிருந்து ஊற்றுவார்கள்.

கை ஏந்தி நின்ற அந்த அந்நியனை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். அவனைப் போன்ற இன்னொருவனைப் பின்னால் சந்திக்க வேண்டியிருக்கிறது.

சீனத் துறவிகள் கண்ட பந்தி

போலோவுக்கும் மிக முந்தியவர்கள் சீனத்துப் பௌத்தத் துறவிகள். 7-ம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், இந்தியர்களின் சுத்தத்தைப் பார்த்து வியந்து போனார். சாப்பிடுமுன் கட்டாயம் கை கால் கழுவுகிறார்கள். ஒருமுறை பரிமாறி மிஞ்சியதை மறுபடி பரிமாறுவதில்லை. ஒருவர் உண்ட பாத்திரம் அடுத்தவர் கைக்குப் போவதில்லை. மண் பாத்திரமும் மரப் பாத்திரமும் ஒருமுறை பயன்பட்டால் எறிய வேண்டியதுதான்; உலோகப் பாத்திரமானால் தேய்த்துத் துலக்க வேண்டும். உண்டபின் பல்லைக் குச்சியால் சுத்தம் செய்து, வாய் கழுவி முடிக்கும் வரை ஒருவரை ஒருவர் தொட மாட்டார்கள்.

வட இந்திய ரயில் நிலையங்களில் குல்லட் எனப்படும் மண் குவளையில் டீ குடித்துவிட்டு, அதைத் தண்டவாளத்தின் பக்கம் வீசிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. யுவான் சுவாங் எழுதியதைத்தான் அப்போது செய்துகொண்டிருந்தோம்.

அவருக்குப் பின்னால் 671-ல் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த இட்சிங், நாலந்தாவில் பத்தாண்டுகள் போலத் தங்கிப் படித்தார். இவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். ஆகவே விவரங்களும் அதிகம். பிரம்பு பின்னிய குட்டையான ஆசனம். முதலில் இலையில் வைப்பது கட்டை விரல் அளவில் ஓரிரு இஞ்சித் துண்டும் கொஞ்சம் உப்பும். பிறகு சோறு, பருப்பு, சூடான நெய்; விரலால் பிசைந்து சாப்பிட வேண்டும். உடல் நலமில்லாதவருக்கு மட்டும் கரண்டி உண்டு. சீனர்கள் சாப்பிடும் இரட்டைக் குச்சியை இந்தியாவில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை என்கிறார். பச்சைக் காய்கறியையும் பச்சை மீனையும் அப்படியே தின்னும் தம் நாட்டு வழக்கம் இங்கே இல்லை என்பதையும் குறித்துக்கொண்டார்.

ஒரு வாய் எடுத்து உண்டுவிட்டால் அந்த உணவு முழுவதும் தூய்மை இழந்துவிடுகிறது என்பதுதான் இட்சிங்கை மிகவும் யோசிக்க வைத்தது. இதற்கு ஒரே சொல் நம்மிடம் இருக்கிறது: எச்சில். இந்தியில் ஜூட்டா என்பார்கள். மராத்தியில் உஷ்டா. கன்னடத்தில் எஞ்சலு. ஆங்கிலத்தில் இதற்குச் சரியான சொல் கிடையாது. மிச்சம் என்று சொல்லலாம், உமிழ்நீர் என்று சொல்லலாம். இரண்டும் எச்சில் ஆகாது. அண்ணன் கடித்த மாங்காயைத் தங்கை வாங்கிக் கடிப்பாள். அடுத்த வீட்டுக்காரர் கடித்ததை யாரும் தொட மாட்டார்கள். சொல்லே இல்லாத ஊரிலிருந்து வந்தவருக்கு இதை எப்படி விளக்குவது?

11-ம் நூற்றாண்டில் கஜினியிலிருந்து வந்த பேரறிஞர் அல்பெரூனிக்கும் இது விளங்காத புதிராகத்தான் இருந்தது. இந்துக்கள் சாணி மெழுகிய தரையில், ஒவ்வொருவரும் தனித்தனியே உட்கார்ந்து உண்கிறார்கள் என்று எழுதினார். ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கை வைத்து உண்பதுதான் உறவு என்று நினைக்கும் சமுதாயத்திலிருந்து வந்தவர் அவர். சமஸ்கிருதம் படித்து, நம் சாத்திரங்களை எல்லாம் கரைத்துக் குடித்தவர். ஆனாலும் அந்நியர் 'மிலேச்சர்', அவரோடு உட்காரவோ உண்ணவோ கூடாது என்ற கட்டுப்பாட்டை அவரால் தாண்ட முடியவில்லை. அதை அவர் மனத்தாங்கலோடுதான் எழுதியிருக்கிறார்.

தயிர் வந்தால் முடிந்தது

சாப்பாட்டை ரசித்து ரசித்து எழுதியவர் என்றால் மொராக்கோ நாட்டின் இபின் பதூதாதான். டில்லியில் முகமது பின் துக்ளக்கிடம் நீதிபதியாக இருந்த அவர், 1342-ல் அங்கிருந்து புறப்பட்டு மேற்குக் கரையோரமாகத் தெற்கே வந்தார். இன்றைய கர்நாடகத்திலுள்ள ஹொன்னாவரில் சுல்தானின் விருந்தாளியாக இருந்தார்.

அங்கே அவர் உண்ட சாப்பாட்டைக் கேளுங்கள். செம்பினால் ஆன 'தாலம்' வைக்கிறார்கள். பட்டுடுத்திய பெண் ஒருத்தி பெரிய அகப்பையால் ஒரு அகப்பை சோறு போடுகிறாள், மேலே நெய். பக்கத்தில் மிளகுக் கொத்து ஊறுகாய், பச்சை இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய். ஒரு கவளம் சோறு, ஒரு துண்டு ஊறுகாய். அது தீர்ந்ததும் இரண்டாவது அகப்பை, கோழி. மறுபடி சோறு, வேறு விதமான கோழி. பிறகு மீன். பிறகு நெய்யில் சமைத்த காய்கறி. கடைசியில் தயிர். தயிர் வந்துவிட்டால் அதற்கு மேல் ஒன்றும் வராது என்று தெரிந்துகொள்ளலாம் என்கிறார்! குடிக்கத் தந்தது வெந்நீர். மழைக் காலத்தில் குளிர்ந்த நீர் உடம்புக்கு ஆகாதாம்.

ஏறக்குறைய 700 வருடம் ஆகிவிட்டது. தயிர் இன்னும் தன் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை.

ஆனால் மனிதர் ரொட்டி தின்று வளர்ந்தவர். மாலத்தீவு, இலங்கை, மலையாளக் கரை, சோழ மண்டலக் கரை என்று மூன்று ஆண்டுகள் சோறே கதி என்று இருந்ததில், கடைசியில் தண்ணீர் விட்டுத்தான் சோற்றை விழுங்க முடிந்தது என்று அழாத குறையாக எழுதுகிறார். வடக்கே வேலைக்குப் போய், ரொட்டியைப் பார்த்தாலே மெஸ்ஸைத் தேடி ஓடிய நம்மவர்களுக்கு இவருடைய கஷ்டம் தலைகீழாகப் புரியும்.

மொகலாயர் விருந்துகள் வேறு மாதிரி. ஜஹாங்கீரிடம் இங்கிலாந்தின் தூதராக வந்த சர் தாமஸ் ரோவுடன் இருந்த எட்வர்ட் டெர்ரி என்ற பாதிரியார், ஆசப் கான் கூடாரத்தில் நடந்த விருந்தை விவரிக்கிறார். விருந்து கொடுத்தவரைவிட தூதருக்குப் பத்துப் பாத்திரம் அதிகம். பாதிரியாருக்குப் பத்துக் குறைவு. அந்தக் குறைவிலேயே ஐம்பது பாத்திரங்கள்! எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ருசி பார்த்துவிட்டாராம். சோறே பல நிறத்தில் இருந்ததாம். சம்மணம் போட்டு உட்கார்ந்ததுதான் தாளவில்லை.

1656-ல் சூரத்தில் வந்து இறங்கிய இத்தாலியப் பையன் மனுச்சிக்கு வேறு சோதனை. ஊரெல்லாம் சிவப்பாகத் துப்புவதைப் பார்த்து, இந்த நாட்டில் பல்லைப் பிடுங்கிக்கொள்வது வழக்கமோ என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலை கொடுத்தார். போட்டதுதான் தாமதம், தலை சுற்றிக் கீழே விழுந்துவிட்டார். வாயில் உப்பைப் போட்ட பிறகுதான் தெளிந்தது. இதே மனுச்சி பிற்காலத்தில் சென்னையில் வீடு வாங்கிக் குடியேறி, வைத்தியம் பார்த்துக்கொண்டு வெகுகாலம் இருந்தார்.

பெருங்காயத்துக்கும் ஒரு கதை உண்டு. கோவாவில் இருந்த போர்ச்சுக்கீசிய மருத்துவர் கார்சியா தா ஓர்ட்டா 1563-ல் அச்சிட்ட நூலில் அது வருகிறது. விஜயநகரத்தில் ஒரு போர்ச்சுக்கீசியரிடம் விலை உயர்ந்த குதிரை இருந்தது. வயிற்றில் வாயுத் தொல்லை. அதனால் அரசர் வாங்க மறுத்துவிட்டார். பெருங்காயத்தை மாவில் கலந்து கொடுத்ததில் குதிரைக்குக் குணமாகிவிட்டது. அரசர் குதிரையை வாங்கிக்கொண்டு, என்ன மருந்து என்று கேட்டார். பெருங்காயம் என்றதும், தேவர்கள் உண்ணும் அமுதத்தை அல்லவா கொடுத்திருக்கிறீர், குணமாகாமல் என்ன செய்யும் என்றாராம். போர்ச்சுக்கீசியர் தம் பாஷையில் முணுமுணுத்துக்கொண்டார்: அமுதமா, பேய்களின் உணவு என்று சொல்லும்!

வாசலில் விரித்த இலை

இவ்வளவு விருந்துகளுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. அதைத் தெளிவாகப் பதிவு செய்தவரும் இபின் பதூதாதான். மலையாளக் கரையில் வழிநெடுகச் சத்திரமும் கிணறும் உண்டு. தண்ணீர் வார்க்க ஆளும் உண்டு. இந்துவானால் பாத்திரத்தில் கொடுப்பார்கள். முஸ்லிமானால் கையில் ஊற்றுவார்கள். முஸ்லிம் குடியிருப்பு இல்லாத ஊரில் அவருக்காகச் சமைத்தும் போடுவார்கள். ஆனால் வாழை இலையில்தான். வீட்டுக்குள் விட மாட்டார்கள். அவர் தொட்ட பாத்திரத்தை உடைத்துவிடுவார்கள், அல்லது அவரிடமே கொடுத்துவிடுவார்கள்.

பசித்து வந்தவனுக்குச் சோறு மறுக்கவில்லை. ஆனால் உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. இரண்டும் ஒரே கையால் நடந்தது.

இந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போக முயன்ற வெளிநாட்டவர் ஒருவர் உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி. மாட்டிறைச்சியும் மதுவும் உண்ணும் பறங்கி என்ற பெயர் இருக்கும்வரை தம் பேச்சை மேல்சாதியார் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள் என்று கண்டுகொண்டார். காவி உடுத்தார். புலால் விட்டார். பிராமணச் சமையல்காரரை வைத்து, ஒரு வேளை மரக்கறிச் சோறு மட்டும் உண்டார். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். கதவு திறந்தது.

அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அதே ஊரில், அதே சபையைச் சேர்ந்த மூத்த பாதிரியாரை விட்டுத் தனி வீட்டில் பிரிந்து வாழ வேண்டியதாயிற்று. மற்றவர் பறங்கிப் பாதிரியாராகவே இருந்தார். கரையோர மக்கள் அவரிடம் வந்து போனார்கள். கடைசியில், 1640-களில், தாழ்த்தப்பட்டவர்களிடம் போய்வர என்றே 'பண்டார சாமிகள்' என்று வேறு பாதிரியார்களை நியமிக்க நேர்ந்தது. ஒரு வேளைச் சோற்றை யார் சமைப்பது, யாரோடு உண்பது என்ற கேள்வி, ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு சபையையே இரண்டாகப் பிரித்துவிட்டது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பறங்கியை உள்ளே விடாத சமையலறைக்குள் பறங்கி கொண்டு வந்த சரக்கு சத்தம் போடாமல் நுழைந்துவிட்டது! அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாயை 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் இங்கே கொண்டு வந்தார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் இங்கே உண்ட காரம் எல்லாம் மிளகும் இஞ்சியும்தான். உருளைக்கிழங்கும் தக்காளியும்கூட அந்தப் பக்கத்துச் சரக்கே. மும்பையில் உருளைக்கிழங்கை 'பட்டாட்டா' என்பதும், பன்னை 'பாவ்' என்பதும் போர்ச்சுக்கீசியச் சொற்கள். தாதர் ஸ்டேஷன் வாசலில் ஒரு வடா பாவ் வாங்கினால், பாதிக்கு மேல் கப்பலில் வந்தது! இவற்றை நிறுத்தி எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. நம் பக்கத்துப் பல வீடுகளில் திவசச் சமையலில் மட்டும் இன்றைக்கும் மிளகாய்க்கும் உருளைக்கிழங்குக்கும் இடமில்லை, மிளகும் வாழைக்காயும்தான். பித்ருக்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது போலும்.

கை ஏந்திய இன்னொருவன்

வெளிநாட்டுப் பயணிகள் இந்தக் கோட்டை ஒரு விசித்திரமாக எழுதிவிட்டுக் கப்பலேறிப் போனார்கள். ஆனால் அதே கோட்டுக்கு வெளியே, கப்பலேற வழியில்லாமல், தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் உள்ளூரிலேயே இருந்தார்கள். 5-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாகியான், இந்த நாட்டில் வெங்காயம் பூண்டுகூடத் தின்பதில்லை என்று மெச்சி எழுதும்போதே, சண்டாளர் என்பவர்கள் விலக்கு என்கிறார். அவர்கள் ஊருக்கு வெளியே வசித்தார்கள். கடைத்தெருவுக்குள் வரும்போது ஒரு கட்டையைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். மற்றவர்கள் சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள்.

மார்க்கோ போலோ கண்ட, கைகளைக் குவித்து ஏந்தி நின்ற அந்நியனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடைகளில் அதே மாதிரி உயரத்திலிருந்து ஊற்றி, சிரட்டையிலும் தனிக் குவளையிலும் வாங்கிக் குடித்தவர்கள் எந்த வெனிஸிலிருந்தும் வந்தவர்கள் அல்ல. இரட்டைக் குவளை முறை என்று அதற்குப் பெயரே உண்டு. வெள்ளையர் ஆட்சியில் ரயில் நிலையங்களில் 'இந்து பானி', 'முஸ்லிம் பானி' என்று கூவித் தனித்தனிக் குடத்தில் தண்ணீர் கொடுத்ததும் இதே கதைதான்.

மகாராஷ்டிரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு மகாட் ஊர் தெரிந்திருக்கும். கோவா போகும் சாலையில் வரும். 1927 மார்ச் 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்களுடன் நடந்து போய், அங்குள்ள சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீரை அள்ளிக் குடித்தார். குளம் எல்லோருக்கும் பொது என்று நகரசபை தீர்மானம் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகியும் அதுவரை யாரும் துணியவில்லை. அந்தக் குளத்தில் முஸ்லிமும் கிறிஸ்தவரும் தண்ணீர் எடுக்கலாம். ஆடு மாடு குடிக்கலாம். அந்நியனுக்கு அதற்குள் வழி கிடைத்துவிட்டது. அந்த ஊரில் பிறந்தவனுக்குத்தான் கிடைக்கவில்லை. கூட்டம் கலைந்து போகும்போது அடிதடி. அதன்பின் மேல்சாதியார் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் குளத்தில் ஊற்றி 'சுத்தி' செய்தார்கள். வழக்கு பம்பாய் ஹைகோர்ட் வரை போய், 1937-ல்தான் தாழ்த்தப்பட்டோருக்குச் சாதகமாக முடிந்தது. 1950-ல் வந்த அரசியல் சட்டம் 15-வது பிரிவில் கிணறு, குளம், கடை, ஓட்டல் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்தது.

பந்தியும் டம்ளரும்

இப்போது வரும் பயணிகள் இதையெல்லாம் பார்க்கிறார்களா? ஓட்டலோடு நின்றுவிடுகிறவர்கள் பார்ப்பதில்லை. சீல் வைத்த தண்ணீர் பாட்டிலும் ஸ்பூனும் போதும் அவர்களுக்கு.

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போகிறவர்கள் வேறு ஒன்றைப் பார்க்கிறார்கள். அங்கே லங்கரில் யார் வேண்டுமானாலும் தரையில் வரிசையாக உட்காரலாம். பக்கத்தில் யார் என்று கேள்வி இல்லை. ரொட்டியைத் தட்டில் எறிய மாட்டார்கள். இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே கை ஏந்துவது எல்லோருக்கும் ஒரே மாதிரி. வெளிநாட்டவர்கள் உண்டு முடித்துவிட்டு, உள்ளே போய் ரொட்டி இடுவதையும் பாத்திரம் துலக்குவதையும் காணலாம். பூரி ஜகந்நாதர் பிரசாதத்துக்கும் சாதியில்லை, எச்சிலும் இல்லை. யாரும் யார் கையிலும் வாங்கி உண்ணலாம். ஆனால் இந்து அல்லாதவருக்குக் கோயில் வாசலோடு சரி.

வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறவர்கள் இன்னும் கூர்ந்து பார்க்கிறார்கள். போதும் என்றால் போதும் என்று ஏன் விட மாட்டேன் என்கிறார்கள்? இலையைக் கையால் மறைத்துக்கொண்டால்தான் தப்பலாம் என்பது இரண்டாவது நாளில் தெரிந்துவிடுகிறது. இவ்வளவையும் சமைத்த அம்மாள் ஏன் நம்மோடு உட்காரவில்லை, எல்லோரும் எழுந்த பிறகு தனியாக ஏன் சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமல் விழிக்கிறார்கள்.

மும்பை, பெங்களூரு, டில்லி அடுக்குமாடி வீடுகளில் விருந்தாளிக்குக் காப்பி, ஷோகேஸிலிருந்து எடுத்த பீங்கான் கோப்பையில் வருகிறது. உதட்டில் வைத்துக் குடிக்கலாம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் காப்பி உண்டு. ஆனால் பல வீடுகளில் அவருடைய டம்ளர் மற்றவற்றோடு அலமாரியில் இருக்காது. சமையலறை ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். அதில் வாங்கிக் குடித்துவிட்டு, கழுவி, அங்கேயே வைத்துவிட்டு, பீங்கான் கோப்பைகளைத் துலக்க உட்காருகிறார்.